கட்டிலருகே கற்றுக்கொள்ளும் ஊழியம்

வேதபாடம்: யோபு 2:11-13; மாற்கு 10:46-52; யாக்கோபு 5:14



நம் சபையில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார் என்று கேள்விப்பட்டால், அன்று சாயங்காலமே நாலு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வேதாகமத்தோடும் போய் நிற்கிறோம். நல்லது. மத்தேயு 25-ம் அதிகாரத்தின்படி அதை ஆண்டவர் தமக்கே செய்ததாக எண்ணுகிறார். ஆனால் அங்கே போய் என்ன செய்கிறோம்? ஒரு வசனம், ஒரு சாட்சி, சத்தமாய் ஒரு ஜெபம், பத்து நிமிஷத்தில் புறப்பாடு. கட்டிலில் கிடந்தவர் என்ன சொன்னார் என்று வழியில் யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. அவர் பேசவே இல்லையே! நாம் விட்டால்தானே பேசுவார்.

இந்த ஊழியத்தையே தங்கள் வேலையாகச் செய்கிறவர்களை சாப்ளின் என்று அழைக்கிறார்கள். (சார்லி சாப்ளின் அல்ல, சிரிக்க வேண்டாம்.) ஆஸ்பத்திரியிலேயே இருந்து, வியாதியஸ்தரையும் அவர்கள் வீட்டாரையும், சில வேளை சோர்ந்துபோன நர்ஸ்களையும் ஆவிக்குரிய விதத்தில் தாங்குகிறவர் இவர். இதற்கென்று ஒரு பயிற்சி உண்டு. அதைப் பற்றிச் சொன்னபோது ஒரு வாலிபத் தம்பி, "பாஸ்டர், அபிஷேகம் இருந்தா போதாதா? இதுக்குப் படிப்பு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

யோபுவின் சிநேகிதரைப் பாருங்கள். மூன்று பேரும் தூரத்திலிருந்து புறப்பட்டு வந்தார்கள், அழுதார்கள், ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை எல்லாம் சரி. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. அவர்கள் சொன்னவற்றில் பல வாக்கியங்கள் பிரசங்கத்துக்கு ஏற்றவைதான். ஆனாலும் யோபு 42:7-ல் தேவனுடைய கோபம் அவர்கள்மேல் இருந்ததாக வாசிக்கிறோம். உபதேசம் தெரிந்தவர்கள்தான். எதிரே இருந்த மனுஷனைத் தெரிந்துகொள்ளவில்லை.

நம் ஆண்டவரோ எரிகோ வழியில் நின்று, பர்திமேயுவை அழைப்பித்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். சகலமும் அறிந்தவர் ஏன் கேட்டார்? அவன் வாயால் அவன் சொல்லட்டும் என்று.

சாப்ளின் பயிற்சியின் சாரம் இந்தக் கேள்விதான். இதற்கு க்ளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன், சுருக்கமாக சி.பி.இ. என்று பெயர். இதன் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவர் அமெரிக்கரான ஆன்டன் பாய்சன். ஊழியரான இவர் 1920-ல் மனநோயால் பாதிக்கப்பட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார். சுகமடைந்தபின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் சாப்ளின் ஆனார். 1925-ம் வருஷக் கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கே வரவழைத்தார். அவர்களைப் பிரசங்கிக்க அனுப்பவில்லை. வார்டு உதவியாளராக வேலை செய்ய வைத்தார்! புத்தகத்தைக் கருத்தாய்ப் படிப்பதுபோல, துன்பப்படுகிற மனுஷனையும் வாசிக்கக் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இன்று அந்தப் பயிற்சியில் ஒரு யூனிட் என்பது அமெரிக்காவில் வழக்கமாக 400 மணி நேரம். சான்றிதழ் பெற்ற சாப்ளின் ஆக முதுகலை இறையியல் படிப்போடு இப்படி நான்கு யூனிட் முடிக்க வேண்டும். நேரத்தின் பெரும்பகுதி வகுப்பில் அல்ல, வார்டில்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வெர்பேட்டிம் என்கிற முறை. சந்தித்துவிட்டு வந்தவுடனே, அவர் சொன்னது இது, நான் சொன்னது இது என்று ஞாபகத்திலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். பெயரை எழுதக்கூடாது. பிறகு நாலைந்து மாணவரும் பயிற்சி கொடுப்பவரும் உட்கார்ந்து அதை வாசிப்பார்கள். மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்ப்போம்:

அம்மா: ராத்திரி எல்லாம் தூக்கமே வரல ஐயா.
ஊழியர்: கவலைப்படாதீங்கம்மா, கர்த்தர் பார்த்துக்குவார். ஜெபிக்கலாமா?
அம்மா: சரிங்க ஐயா.

நமக்கு இதில் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் குழுவில் கேட்பார்கள்: தூக்கம் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா? அவர்கள் அழுதுவிடுவார்களோ என்று பயந்துதான் ஜெபத்துக்குத் தாவினீர்களா? அந்த ஜெபம் யாருடைய பயத்தை மூடியது, அந்த அம்மாவுடையதா, உங்களுடையதா? ஒரு கேள்வி கேட்டிருந்தால், நாளை ஆபரேஷன் என்றோ, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை அடகுக்குப் போய்விட்டது என்றோ அவர்கள் சொல்லியிருக்கலாம். அதன்பின் செய்கிற ஜெபம் எவ்வளவு உண்மையான ஜெபமாய் இருக்கும்!

தேவபிள்ளைகளே, பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நமக்கு இதில் ஒரு விசேஷ எச்சரிப்பு உண்டு. தெய்வீக சுகத்தை நாம் விசுவாசிக்கிறோம். அதை ஒருபோதும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று ஒரு கேன்சர் நோயாளியிடம் சொல்லிவிட்டு வருகிறவர் நிம்மதியாய்ச் சாப்பிடப் போய்விடுவார். கேட்டவரோ அந்த வார்த்தையோடு சாகிறார். துரோப்பீமுவை வியாதியாய் மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோ. 4:20). பவுலுக்கா விசுவாசம் குறைவு? எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்ட வாக்குத்தத்தம் இருந்தும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். ஆகவே இன்சுலினை நிறுத்து, டி.பி. மாத்திரையை நிறுத்து என்று எந்த ஊழியரும் சொல்லக்கூடாது. டி.பி.க்கு வழக்கமாக ஆறு மாதமாவது சிகிச்சை உண்டு. நடுவில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யாக மாறலாம், வீட்டாருக்கும் பரவலாம்.

சத்தத்தைக் குறித்தும் சொல்ல வேண்டும். முப்பது கட்டில் உள்ள வார்டில் நாம் ஆராதனை சத்தம் எழுப்பினால் பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்து கிடக்கிறவர் என்ன செய்வார்? அன்னாளின் உதடு மாத்திரம் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. கர்த்தர் கேட்டாரா இல்லையா?

இன்னொரு கேள்வியும் வரும்: வேறு மதத்தாருக்கு இதுதானே சுவிசேஷம் சொல்ல நல்ல சமயம்? சாப்ளின் எல்லாரிடமும் போவார். ஆனால் அனுமதி கேட்டுத்தான் ஜெபிப்பார். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருப்பவரால் எழுந்து போக முடியாது. தெருமுனையில் கேட்கப் பிரியமில்லாதவர் நடந்து போய்விடலாம், இவர் எங்கே போவார்? எழுந்து போக முடியாதவரிடம் இரட்டிப்பு மரியாதையாய் நடக்க வேண்டும். யாக்கோபு 5:14-லும் வியாதிப்பட்டவன்தான் மூப்பர்களை வரவழைக்கிறான், கவனித்தீர்களா?

நம் பக்கத்திலும் இந்தப் பயிற்சிக்கு வழி உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே கட்டிலோடு ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி.யில் சாப்ளின்களுக்கென்று ஒரு துறையே இருக்கிறது, பயிற்சியும் கொடுக்கிறார்கள். பெங்களூரு பாப்டிஸ்ட் மருத்துவமனையிலும் உண்டு. வேதாகமக் கல்லூரி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று காத்திருக்கும் தம்பி தங்கைமார் நேரில் எழுதிக் கேளுங்கள்.

வேலையை விட்டு அப்படிப் போக முடியாதவர்கள் அடுத்த சந்திப்பிலேயே சிலவற்றைத் தொடங்கலாம். நாலு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். வார்டு சிஸ்டரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். போகும்போதும் வரும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எண்ணெய் பூசுவதாய் இருந்தால் புண், தீக்காயம், தையல் உண்டா என்று முதலில் கேளுங்கள். கட்டில்மேல் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகம் உங்களுக்கு நேராய் இருக்கும்படி உட்காருங்கள். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கிறவரை வேதாகமத்தைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள், பெயர் இல்லாமல். அவர் பேசிய வரி எத்தனை, நீங்கள் பேசிய வரி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.