ஜெயித்தாலும் ஏன் கைவிடுகிறார்கள்?

கேள்வி: வெற்றிமேல் வெற்றி பெறும் சைக்கிள் பந்தய அணியைக்கூட விளம்பரதாரர்கள் கைவிடுவது ஏன்?
– வாசகர், சிதம்பரம்

பதில்: சைக்கிள் பந்தயம் பொதுச்சாலையில் நடப்பது. கடலூர்–சிதம்பரம் சாலையில் நடத்தினாலும் ஓரமாக நின்று பார்ப்பவரிடம் டிக்கெட் கேட்க முடியாது. பிரான்ஸில் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் டி.வி. உரிமைப் பணமோ பந்தயத்தை நடத்தும் நிறுவனத்துக்கே போகிறது. அதனால் அணியின் சம்பளம் பெரும்பாலும் விளம்பரதாரரை நம்பியே இருக்கிறது.

2011-இல் ஹெச்.டி.சி–ஹைரோடு அணியின் மார்க் கேவண்டிஷ் டூர் டி பிரான்ஸில் புள்ளிப் போட்டிக்கான பச்சை ஜெர்சியை வென்றார். அடுத்த மாதமே, விளம்பரதாரர் கிடைக்காமல் அணியைக் கலைப்பதாக அறிவித்தார்கள். சைக்கிள் பந்தயத்தின் ஊக்கமருந்து அவப்பெயரும் நிறுவனங்களைத் தயங்க வைத்தது.

2025-இல் சாம்பியன்ஸ் டிராபி வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியும், ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தால் தன் விளம்பரதாரரான ட்ரீம்11-ஐ இழந்தது. ஆனால் கிரிக்கெட் வாரியத்துக்கு வேறு வருமானம் இருந்ததால் தாங்கியது; சில வாரங்களில் அப்பல்லோ டயர்ஸ் வந்தது.

சைக்கிள் அணிகளுக்கு அப்படி வேறு வருமானம் இல்லாததால், பந்தய வருமானத்தில் அவற்றுக்கும் பங்கு வேண்டும். அதுவே நியாயம்.