சென்னை வானாய்வகமும் புறக்கோள் தேடலும்

எறையூர்ச் சர்க்கரை ஆலையின் விளக்கொளியைக் கடந்து, மேகமற்ற ஆடி இரவொன்றில் வரப்பின்மீது நின்று அண்ணாந்து நோக்கினால் பாம்பாட்டி மண்டலம் புலப்படும். அரபு வானியலார் அதனை அல்ஹவ்வா என்றனர். அதன் தலைமீனாகிய ராசல்ஹேக் இன்றும் உலகெங்கும் அவ்வரபுப் பெயராலேயே வழங்குகிறது. அம்மண்டலத்தில் 70 என்னும் எண் பெற்ற மங்கலான மீனொன்றே ஈண்டு நம் ஆய்வுப்பொருள்.

நாண்மீன், கோண்மீன் எனச் சங்கச் சான்றோர் பகுத்துரைத்தனர். இதனைக்கொண்டு பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களையும் அவர்கள் அறிந்திருந்தனர் என மேடைகளில் முழங்குவார் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லில் இல்லாத பொருளை அதன்மேல் ஏற்றுவது நல்லுரை ஆகாது.

இத்தேடலில் தமிழகத்திற்குரிய மெய்யான இடம் வேறு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகத்தின் தலைவராகப் பின்னாளில் விளங்கியவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். மேற்சொன்ன மீன் ஓர் இரட்டை மீன். அவை ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். கணித்த பாதையினின்று அவை சிறிது விலகக் கண்ட ஜேக்கப், கண்ணுக்குப் புலனாகாத கோளொன்றின் ஈர்ப்பே காரணமாகலாம் என 1855இல் எழுதினார். அளவைகளைச் சான்றாக வைத்துப் புறக்கோள் உண்டென வாதிட்ட தொடக்கக்காலக் கூற்றுகளுள் அஃது ஒன்று.

அக்கூற்று நிலைக்கவில்லை. ஹெர்ஷல் அவ்விரட்டையைக் கண்டது 1779இல். அதிலிருந்து 1855 வரை 76 ஆண்டுகளே. ஒரு சுற்றுகூட நிறைவுறவில்லை! பழைய அளவைகளின் பிழையோ அவ்விலகலை விஞ்சத்தக்கது. பின்வந்தோர் ஒருவரின் இதையொத்த கூற்றையும் 1899இல் மௌல்டன் மறுத்தார். அங்குக் கோள் ஏதும் இன்றளவும் உறுதிப்படவில்லை. முதற் புறக்கோளைக் கண்டது சென்னையே என நாமும் வகுப்பில் ஒருமுறை பெருமிதத்துடன் கூறி, மறுவாரம் அதே மாணவர்முன் திருத்திக்கொண்டோம்.

ஆயினும் கோளின் ஈர்ப்பால் விண்மீன் அசையும் என்ற அடிப்படை பிழையன்று. அவ்வசைவை ஒளியின் நிறமாலையில் அளந்தே 1995இல் மேயரும் குவெலோவும் பெகாசஸ் மண்டலத்து 51ஆம் மீனின் கோளைக் கண்டனர். 2019இல் நோபல் பரிசும் பெற்றனர். அம்முறையிலேயே அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் அபு மலையிலிருந்து நோக்கி, புவியைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு நிறையுள்ள கோளொன்றை 2018இல் அறிவித்தனர். உறுதிப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2025இல் 6000ஐக் கடந்தது.

ஜேக்கப் காலத்தில், 1850இல், சென்னைக்கு வந்த 6 அங்குலத் தொலைநோக்கி பின்னர்க் கொடைக்கானல் வானாய்வகத்தைச் சேர்ந்தது. துறையின் கல்விச் சுற்றுலா அடுத்த முறை அம்மலைக்குச் செல்லுமாயின், ஏரிக்குச் செல்லுமுன் அங்குச் செல்ல வேண்டுமென விண்ணப்பித்துள்ளோம்.