கிராம்பு எண்ணெயும் நானோ துளிகளும்

பல்வலி வந்தால் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைப்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். அதில் மிகுதியாக உள்ள யூஜெனால் என்னும் சேர்மம் வலியை மரத்துப்போகச் செய்கிறது, பாக்டீரியாக்களையும் கட்டுப்படுத்துகிறது. பல் மருத்துவர்கள் அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கவும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் யூஜெனால் நீரில் மிகக் குறைவாகவே கரையும். காற்றும் ஒளியும் பட்டால் பழுப்பேறும். அடர்த்தியாகப் பட்டால் ஈறு எரியும்.

இந்தக் குறைகளைச் சரிசெய்யத்தான் ஆய்வாளர்கள் எண்ணெயை நானோ பால்மமாக மாற்றுகிறார்கள். எண்ணெய், நீர், பால்மக்காரணி மூன்றையும் சேர்த்து, மீயொலி அலையாலோ உயர் அழுத்தத்தாலோ துளிகளை ஏறத்தாழ 20 முதல் 200 நானோமீட்டர் அளவுக்கு உடைப்பார்கள். இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசானால் உறையிடுவதும் உண்டு. உறைக்குள் இருக்கும் எண்ணெய் விரைவில் ஆவியாகாது. சிறிது சிறிதாக வெளிவரும்.

எண்ணெய் அதே எண்ணெய்தான். மாறுவது துளியின் அளவும், அதனால் பரப்பும். இதை 8, 9ஆம் வகுப்பு மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 ச.செ.மீ. அதையே 1 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 ச.செ.மீ. 100 நானோமீட்டர் வரை வெட்டிக்கொண்டே போனால் 60 சதுர மீட்டர்! வகுப்பறைத் தரையை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். தொடக்க வகுப்பு என்றால் வெல்லக்கட்டியும் பொடித்த வெல்லமும் போதும். எது முதலில் கரைகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீரும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் எடுத்து, ஒன்றில் மட்டும் திரவ சோப்பு சில துளிகள் விட்டு இரண்டையும் நன்கு கலக்குங்கள். சோப்பு சேர்த்தது பால்போல் வெளுக்கும். இது நானோ பால்மமா? இல்லை. துளிகள் இன்னும் பெரியவை. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான் வெண்மை. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிட மிகச் சிறிய துளிகள் கொண்ட பால்மம் ஏறக்குறையத் தெளிவாகவே தெரியும். டிண்டால் விளைவு நடத்தும் நாளில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு செய்தியை மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். துளி சிறிதானால் நற்பயன் மட்டும் கூடும் என்பதில்லை; உடலுக்குள் செல்லும் அளவும் கூடக்கூடும், அதனுடன் நச்சுத்தன்மையும். ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவை அழித்த ஒன்று மனிதருக்கு மருந்தாக இன்னும் பல சோதனைகளைக் கடக்க வேண்டும். விளம்பரத்தில் ‘நானோ’ என்று இருந்தால், துளியின் அளவு என்ன, யாரிடம் சோதித்தார்கள் என்று மாணவர்கள் கேட்டுப் பழகட்டும். நானோ அல்லாத சாதாரண யூகலிப்டஸ் தைலத்தைச் சிறு குழந்தை சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும். எனவே மேற்சொன்ன சோதனையை நல்லெண்ணெயில் மட்டும் செய்யுங்கள்; தைலப் புட்டியை வகுப்பறைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம்.