இளங்காவலரை மதிப்பிடுமாறு

ஹாக்கி ஆட்டத்திற் பின்னணிக் காவலராகும் இளைஞரை நாம் எங்ஙனம் அளப்பது? காஞ்சியை அடுத்த முசரவாக்கத்தார்க்குப் பட்டுச்சேலையே விடை கூறும்: கண்ணைக் கவர்வது சரிகை, சேலையைத் தாங்குவது பாவு. காவலனுக்குப் பெனால்டி கார்னரில் அடிக்கும் கோல் சரிகை. எதிரியைப் பக்கக் கோட்டுக்கு ஒதுக்குதல், பந்திழந்தவுடன் விரைந்து பின்வாங்குதல், தோழனுக்குப் பிழையின்றிப் பந்தளித்தல் ஆகியவை பாவு.

ஹர்மன்பிரீத் சிங் என்னும் காவலர் 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஒரு கோலும் அடித்திலர். அவ்வாண்டிறுதியில் லக்னோவில் இளையோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் விளங்கினார். 2024-இற் பாரிஸிலே அணித்தலைவராய் 10 கோல்கள் அடித்து, வெண்கலம் பெறத் துணைநின்றார். ரியோக் கணக்கொன்றே கொண்டு அவரைத் தள்ளியிருப்பின் இழப்பு யாருடையது? முதற் சாண் நெய்த அளவிலே சேலையை விலைமதிப்பாரும் உளரோ? ஆதலின் பாவை முன்னும் சரிகையைப் பின்னும் நோக்குதலே நேரிய மதிப்பீடென்பது நம் துணிபு.