படிகங்களில் கேளா ஒலியின் மெலிவு

போர்ட் கொச்சிக் கழிமுகத்தினூடே துறைமுகம் புகும் கப்பல்கள், எதிரொலியைக் கொண்டு நீரின் ஆழத்தை அறிகின்றன. எதிரொலியால் படிகத்தின் உள்ளியல்பையும் அறியலாம். 1971-இல் நிறுவப்பெற்ற கொச்சிப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில், படிகங்களின் மீள்தன்மை கேளா ஒலியால் ஆராயப்பட்டுள்ளது. எதிரொலி மீளும் காலம் ஒலியின் வேகத்தைத் தரும். அதன் உயரம் குறையும் அளவு மெலிவைத் தரும்.

செய்முறை: படிகத்தின் எதிரெதிர் முகங்கள் இரண்டும் இணையாகத் தேய்த்து மெருகிடப்படுகின்றன. ஒரு முகத்தில் மெல்லிய குவார்ட்ஸ் தகட்டை ஒட்டி, அதற்கு மின்துடிப்பு அளிக்கப்படுகிறது. தகடு அதிர்ந்து, வினாடிக்கு 1 கோடி அதிர்வுகள் கொண்ட ஒலியைப் படிகத்தினுள் செலுத்துகிறது. அவ்வொலி முகங்களுக்கிடையே மீண்டும் மீண்டும் சென்று திரும்பும். ஆசிலாஸ்கோப்புத் திரையில் எதிரொலிகள் படிப்படியாகத் தாழும் கோடுகளாகத் தோன்றும்.

கணக்கு: 1 செ.மீ. நீளமுள்ள படிகத்தில் அடுத்தடுத்த எதிரொலிகளின் உயரம் 8, 4 எனக் கொள்வோம். உயரம் பாதியாவது 6 டெசிபெல் இழப்பாகும். ஒலி சென்று மீண்ட வழி 2 செ.மீ.; ஆதலின் மெலிவு செ.மீ.க்கு 3 டெசிபெல் எனத் தோன்றும். ஆனால் ஒட்டுப் பசையிலும் முகங்களிலும் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. அதே படிகத்தினின்று, அதே திசையில் வெட்டிய 2 செ.மீ. துண்டு 10 டெசிபெல் இழப்பைக் காட்டுவதாகக் கொள்வோம். ஒட்டிலும் முகங்களிலும் நேரும் இழப்பு இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. எனவே மிகுதியான 4 டெசிபெல், மிகுதியான 2 செ.மீ. வழியில் நேர்ந்ததாகும். உண்மையான மெலிவு செ.மீ.க்கு 2 டெசிபெல் மட்டுமே.

காரணம்: படிகத்தினுள் இழக்கப்படும் ஒலியாற்றல் பெரும்பாலும் வெப்பமாகிறது. அணுக்களின் வெப்ப அதிர்வும், அணு அடுக்கிலுள்ள குறைபாடுகளும் இதற்குக் காரணங்களாம். அறை வெப்பநிலையில் மின்கடத்தாப் படிகங்கள் பலவற்றில், அதிர்வெண் இரட்டித்தால் மெலிவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். குறைபாடு மிகுந்த படிகம் இவ்விதியினின்று விலகக் கூடும். ஒட்டில் நேரும் இழப்பைக் கழிக்காமல் படிகத்தின் மேல் குறை கூறுதல் தகாது என்பது இதனால் விளங்கும்.