உச்சியில எப்போ முளைக்கும்? ஒரு 18 மாதக் கணக்கு

முன்நெற்றி ஏறினா கண்ணாடியிலேயே தெரிஞ்சிடும். உச்சியில கொட்டினா, பின் பெஞ்ச்ல இருக்கிறவன் சொன்னாத்தான் தெரியும். "வேலை கிடைச்சதும் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கலாம்"னு மனசுக்குள்ள திட்டம் வச்சிருக்கீங்களா? அப்போ பணத்தை விடப் பெரிய செலவு எதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க: காத்திருப்பு.

நட்ட முடி ஏன் கொட்டுது?

ஒவ்வொரு முடிக்கும் மூன்று கட்டம் உண்டு. வளரும் கட்டம் 2 முதல் 6 வருஷம். அடங்கும் கட்டம் 2, 3 வாரம். ஓய்வுக் கட்டம் சுமார் 3 மாதம். பின்மண்டையில இருந்து வேர்ப்பையை எடுத்து உச்சியில நடும்போது, அதோட ரத்த ஓட்டம் அறுந்து மறுபடி அமையணும். அந்த அதிர்ச்சியில வேர்ப்பை ஓய்வுக்குப் போயிடும். அதனாலதான் நட்ட முடி பெரும்பாலும் 2 முதல் 6 வாரத்துல கொட்டுது. கொட்டுறது மேலே இருக்கிற தண்டு மட்டும்தான். வேர்ப்பை தோலுக்குள்ள பத்திரமா இருக்கு.

அப்புறம் 3, 4 மாதத்துல மெல்லிசா முளைக்கும். அதுக்கப்புறம் வேகம் மாதம் சுமார் 1 செ.மீ. தான். ஐந்தாம் மாதம் எட்டிப் பார்க்கிற முடி, எட்டாம் மாதம் 3 செ.மீ. இருக்கும். முன்பக்கம் 12 மாதத்துல ஓரளவு முடிவு தெரியும். உச்சிக்கு 15, சில பேருக்கு 18 மாதம்கூட ஆகும்.

உச்சிக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஒண்ணு, சுழி. ரெட்டைச் சுழி இருந்தா ரெண்டு கல்யாணம்னு பாட்டி சொல்றதை விடுங்க. முன்பக்க முடி ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படியும். சுழியில முடி நாலா பக்கமும் விலகிப் போகுது. அதனால நடுவுல தோல் தெரியும். அதே எண்ணிக்கை முடி முன்னாடி அடர்த்தியாவும் உச்சியில குறைவாவும் தெரியிறது இதனாலதான்.

ரெண்டு, வட்டத்தின் பரப்பு. 6 செ.மீ. விட்டமுள்ள வழுக்கையின் பரப்பு சுமார் 28 சதுர செ.மீ. அதுவே 8 செ.மீ. ஆனா 50. சதுர செ.மீ.க்கு 35 கிராஃப்ட்னு வச்சாலும், 990 போதும்னு இருந்த இடத்துக்கு 1,760 தேவை. விட்டம் கூடினது வெறும் 2 செ.மீ.!

21 வயசுல உண்மையான ஆபத்து

பின்மண்டை முடி இடம் மாறினாலும் தன் குணத்தை விடாது. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-லேயே இதை எழுதினார். ஆனா நட்ட முடியைச் சுத்தி இருக்கிற பழைய முடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வழுக்கை விரிஞ்சுட்டே போனா, நட்ட இடம் மட்டும் நடுவுல தீவு மாதிரி நிக்கும். அதை நிரப்பப் பின்மண்டையில கையிருப்பும் குறைஞ்சிருக்கும். அதனாலதான் நல்ல டாக்டர்கள் நம்ம வயசுப் பசங்களை, "முதல்ல மருந்து, அப்புறம் பார்க்கலாம்"னு திருப்பி அனுப்புறாங்க. அது அலட்சியம் இல்ல, அக்கறை.

இன்னொண்ணு. 2016-ல சென்னையில இந்தச் சிகிச்சை எடுத்துக்கிட்ட 22 வயசு மருத்துவ மாணவர் ஒருத்தர் அதுக்குப் பிறகு இறந்துபோனார். மயக்க மருந்து குடுக்கிற எதுவும் சலூன் வேலை இல்ல. கத்தியைப் பிடிக்கப்போறது யாரு, அவரோட தகுதி என்ன, அவசரம்னா என்ன வசதி இருக்குன்னு கேளுங்க. பதில் மழுப்பலா இருந்தா எழுந்து வந்துடுங்க.

ஏற்கெனவே பண்ணிட்டீங்களா?

தினமும் பார்க்காதீங்க. மாதம் ஒரு தடவை, அதே விளக்கு, அதே தூரம், உலர்ந்த தலை. ஒரே நண்பனை போட்டோ எடுக்கச் சொல்லுங்க. டியூப்லைட்டுக்கு நேர் கீழே எடுத்தா யார் தலையும் வழுக்கையாத்தான் தெரியும். டாக்டர் எழுதின மருந்தை நடுவுல நிறுத்தாதீங்க. சீழ், காய்ச்சல், கூடிக்கிட்டே போற வலி இருந்தா மட்டும் காத்திருக்காதீங்க, உடனே போங்க.

மத்தபடி ஆறாம் மாத போட்டோவை வச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க. அது மிட் செமஸ்டர் மார்க். ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கு.