வாய் கோணிய சவரக்கத்தி: விலை பேசுமுன் பார்க்க வேண்டியவை

பழைய சாமான் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களில் பலர் மடக்குச் சவரக்கத்தியை இரும்பு விலைக்கே வாங்குகிறார்கள். சலூன்களில் இப்போது பெரும்பாலும் மாற்றும் பிளேட்தான். ஆனால் இங்கிலாந்தின் ஷெபீல்ட், ஜேர்மனியின் ஸோலிங்கன் முத்திரையுள்ள கத்திகளுக்கு நல்ல விலை தருவோர் இருக்கிறார்கள்.

சென்ற மாதம் ஓர் இளைஞர் மர்ஹூம் வாப்பாவின் ஸோலிங்கன் கத்தியைக் கொண்டு வந்தார். "வாய் கோணிட்டு நானா, முந்நூறு ரூவா தந்தாலும் காணும்" என்றார். வேறு கடையில் அந்த விலைதான் சொன்னார்களாம். என் மனமும் ஒரு கணம் முந்நூறிலேயே நின்றது. விலை சொல்லாமல், கத்தியைக் கண்ணாடியில் படுக்க வைத்தேன்.

கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒரு பக்கம் ஆடி, மறுபக்கம் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அலகு முறுகியிருக்கிறது. இதுவும் அப்படித்தான். வாய் வெளிப்புறம் இலேசாக வளைந்திருப்பது பல கத்திகளில் செய்யும்போதே வந்த அமைப்பு, குறையல்ல. உட்புறம் குழிந்திருந்தால் பல வருடத் தவறான தீட்டல். அதைச் சரிசெய்ய அலகின் அகலம் குறையும். பூதக்கண்ணாடியில் வெடிப்புத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள், அதைத் தீட்டிப் பயனில்லை.

அடுத்து, வாயின் இரு பக்கச் சாய்விலும் மார்க்கர் பேனாவால் பூசி, 1000 இலக்க நீர்க்கல்லில் அழுத்தாமல் இரண்டு இழுப்பு இழுத்தேன். ஒரு பக்கம் நடுவில் மை அப்படியே இருந்தது. அங்கே கல் தொடவில்லை என்று பொருள். இந்த இடத்தில்தான் பலர் அழுத்தித் தேய்த்து முதுகையும் கெடுக்கிறார்கள். இன்னும் சிலர் சாணைச் சக்கரத்தில் கொடுக்கிறார்கள். சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால் உருக்கின் கடினம் போய்விடும், பிறகு எந்தக் கல்லாலும் கூர் நிற்காது.

முறுகிய அலகுக்கு அகலமான கல் உதவாது. கல்லின் ஓரத்தில் ஓர் அங்குல அகலத்தை மட்டும் பயன்படுத்தி, அடியிலிருந்து முனைவரை குறுக்காக இழுத்தால் குழிந்த பகுதியும் கல்லைத் தொடும். முதுகு தேயாமலிருக்க ஒரு சுற்று இன்சியூலேஷன் டேப் ஒட்டினேன். இரு பக்கமும் மை முழுதாக அழிந்த பின்னரே 4000, 8000 கற்கள், கடைசியில் தோல்வார். தோலில் முதுகு முன்னே செல்ல வேண்டும், வாய் முன்னே சென்றால் தோல் வெட்டுப்படும்.

இவ்வளவும் அந்த இளைஞரை வைத்துக்கொண்டே செய்தேன். கத்தியின் பெறுமதியைச் சொல்லி ஆறாயிரத்துக்கு வாங்கினேன். நனைந்த தானியத்தைக் குவியலின் உள்ளே வைத்திருந்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். விற்பவரின் அறியாமையில் இலாபம் எடுப்பதும் எனக்கு அதற்கு வெகுதூரமாகத் தெரியவில்லை.

பத்து நாளில் ஒன்பதாயிரத்துக்குக் கேட்டு வந்தார்கள். அலகு முறுகியது, ஒரு பக்கச் சாய்வு அகலமாகவே இருக்கும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதினேன். ஐந்நூறு குறைக்கச் சொன்னார், குறைத்துக் கொடுத்தேன்.